கடலுக்குக் கம்பம் நட்ட கதை

1

என் கையெழுத்தை முதலில் மன்னித்துவிடுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதன்பிறகு இந்தக் கை மண்வெட்டி பிடித்தது, துடைப்பம் பிடித்தது, இப்போது தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தின் குழாயைப் பிடிக்கிறது. பேனா அதற்கு மெலிந்த பொருளாக இருக்கிறது. அழுத்தினால் தாள் கிழிகிறது. எந்த இடத்தில் எந்த ர, எந்த ல என்பதிலும் எனக்கு எப்போதும் சந்தேகம்தான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

என் ஊர் வேளாங்கண்ணிக்குத் தெற்கே, கோடியக்கரைக்கு வடக்கே. கடல் கிழக்கே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, காற்றில் தெரியும். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. வந்து சேராத வருடங்களும் உண்டு. அங்கே எங்களுக்கு ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். அப்பா போய்ப் பல வருடம் ஆகியும் பட்டா அவர் பெயரில்தான் இருக்கிறது. தம்பி செல்வராசு பயிர் செய்கிறான். பாகம் பிரிக்கலாம் என்று அவன் கேட்டதில்லை, பிரிக்க வேண்டாம் என்று நான் சொன்னதும் இல்லை.

நான் பிரான்சு வந்து இருபத்து மூன்று வருடம் ஆகிறது. மனைவி காரைக்கால்காரி. மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அவருடைய குடியுரிமைக் காகிதத்தின் வழியாக நானும் வந்து சேர்ந்தேன். ஓய்வு பெற்றதும் ஆறு மாவில் ரோட்டோரமாக ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று இங்கே வந்த முதல் வருடமே தம்பியிடம் சொன்னேன். இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஆறு மாவுக்குள் கடல் வந்ததைத்தான் எழுத வந்தேன்.

2

என் வேலை பாரீசுக்கு வெளியே, ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிறிய நகராட்சியில். காலை ஆறு மணிக்குப் பூங்காவில் இருக்க வேண்டும். இலை பெருக்குவது, குப்பைப் பைகளை மாற்றுவது, சுவர்க் கிறுக்கல்களைத் தண்ணீர் பீய்ச்சி அழிப்பது. யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பிடித்த வேலை.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்க்கிறேன், பூங்கா முழுக்க நீலக் கோடு. சுவரில், மரங்களில், விளக்குக் கம்பங்களில், அங்கே நிற்கும் யாரோ ஒரு தளபதியின் சிலையில், எல்லாவற்றிலும் நெஞ்சு உயரத்தில் ஒரே மட்டமாக ஓடுகிறது. இவ்வளவு பொறுமையான போக்கிரியை நான் பார்த்ததே இல்லை. மூன்று மணி நேரம் விடாமல் பீய்ச்சினேன். தளபதியின் சட்டைப் பித்தான்களுக்கு இடையே நீலம் தங்கிவிட்டது. அதற்குப் பழைய பல் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்தேன். பூங்கா பளிச்சென்று ஆகிவிட்டது.

பத்து மணிக்கு மேயர் மூவர்ணப் பட்டை அணிந்து வந்தார். பின்னால் ஐம்பது பேர், மாலை போடாத குறை. நடுவில் நரைத்த தலையோடு ஒரு அம்மாள். எல்லோரும் நின்று எதையோ தேடினார்கள். சுவரைப் பார்த்தார்கள், மரத்தைப் பார்த்தார்கள், கடைசியில் ஈரக் குழாயைச் சுருட்டிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் அருகில் வந்து ஏதோ கேட்டார். பதட்டத்தில் எனக்கு வாயில் வந்தது ஒரே பதில்தான். "ஆமாம் ஐயா" என்றேன்.

வாரக் கடைசியில் பதிவுத் தபாலில் நகராட்சியிலிருந்து மூன்று பக்கக் கடிதம் வந்தது. வீட்டில் பிரெஞ்சுக் கடிதம் படிப்பவள் என் மகள் மலர்விழி. வீட்டில் மலர். கல்லூரியில் மலா, ஏனென்றால் அவர்களால் அதற்கு மேல் முடியவில்லை. படித்துவிட்டுச் சிரித்தாள்.

"அப்பா, நீ அழிச்சது கிறுக்கல் இல்ல. அது கலை."

"கோடுதானேம்மா இருந்துச்சு?"

"ஆறு பொங்கினா தண்ணி அவ்ளோ உயரம் வரும். உலகம் சூடாகுது, பனி உருகுது, கடல் ஏறுது. படிச்சா யாருக்கும் உறைக்க மாட்டேங்குது. நெஞ்சு உயரத்துல கோடு பாத்தா உறைக்கும்னு அந்தம்மா வரைஞ்சாங்க."

"எனக்கு ஒருத்தரும் சொல்லலையே."

"சொல்லாமயே புரியணும். அதான் அதுல விஷயம்."

"புரிஞ்சுதே. அழுக்குன்னு புரிஞ்சுது."

அவள் படிப்பது நிலத்தை அழகு செய்யும் படிப்பு. தோட்ட வேலை மாதிரிதான், ஆனால் கத்தரிக்காய் காய்க்காது. அன்று போனில் ஒரு வரைபடத்தைத் திறந்து எங்கள் ஊரைத் தேடிப் பிடித்தாள். அவளுக்கு நினைவு தெரிந்து அவள் அங்கே போனது இரண்டு தடவை. வரைபடத்தில் நீலம் கிழக்கிலிருந்து ஏறி வந்து எங்கள் ஆறு மாவை முழுதாக மூடிக்கொண்டு, அதன் மேற்கு வரப்பில் நின்றது.

"என் கடைசி வருஷ வேலைய நம்ம ஊர்லயே செய்யறேன்ப்பா" என்றாள். ஊரின் மேல் பிள்ளைக்குப் பாசம் வந்துவிட்டது என்று என் மனைவி சாமிக்கு விளக்கேற்றினாள். பிள்ளைக்குப் பாசம் வந்தது ஊரின் மேலா, ஊரை மூழ்கடிக்கப் போகிற கடலின் மேலா என்று நான் கேட்கவில்லை.

3

போன ஆடி மாதம் ஊரில் போய் இறங்கினாள். நாற்பத்தொரு சவுக்குக் கம்பம் வாங்கி நீலச் சாயம் அடித்தாள். அவள் என் வயதுக்கு வரும்போது கடல் எங்கே நிற்குமோ அங்கே வரிசையாக நட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் மனு கொடுக்கப் போனார்கள். தம்பி கூடப் போனான். நடந்ததை அவன்தான் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினான்.

"எந்த டிபார்ட்மென்ட்டும்மா?"

"கலை."

"கலைன்னு நம்மகிட்ட ஒண்ணும் இல்லையே. கரண்டா, ரோடா?"

"கடல்னு போடு."

"கடலா? அப்ப மீன்வளத்துக்கு எழுதிடறேன்."

அவள் எல்லோரையும் "நீ", "வா", "போடு" என்றுதான் சொல்வாள். நான் அவளிடம் பேசிய தமிழை அப்படியே திருப்பிப் பேசுகிறாள். பிரெஞ்சில் கடைக்காரரிடம்கூட மரியாதை குறையாமல் பேசுகிற பெண். தமிழில் மரியாதை தனியாகச் சொல்லித் தர வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அலுவலர் நல்ல மனிதர். "வெள்ளக்காரப் புள்ள, விடு செல்வராசு" என்றாராம்.

நாலு கம்பம் நடுவதற்குள் ஊர் திரண்டுவிட்டது. எங்கள் பக்கத்தில் வயலில் யாராவது வரிசையாகக் கம்பம் நட்டால் எரிவாயுக் குழாய் வரப்போகிறது என்று அர்த்தம். சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"குழாயும் இல்ல ஒண்ணும் இல்ல, எங்க அண்ணன் மகய்யா. சும்மா கம்பம்" என்று தம்பி கத்தியிருக்கிறான்.

"சும்மா எவனாவது கம்பம் நடுவானா?"

"படிச்சவங்க நடுவாங்க."

மலர் நடுவில் போய் நின்று எல்லாவற்றையும் விளக்கினாள். பக்கத்து நிலத்துக்காரர் முருகையன் முழுதாகக் கேட்டார். விவசாயத்தோடு நிலம் வாங்கி விற்றுத் தரும் தரகும் பார்ப்பவர். "ஆத்துத் தண்ணிதான் கடைமடைக்கு வந்து சேர மாட்டேங்குது. கடல் தண்ணியாவது முறை வைக்காம வரட்டும் பாப்பா" என்றார். சாலையில் உட்கார்ந்தவர்கள் சிரித்துக்கொண்டே எழுந்து போனார்கள்.

தம்பி மட்டும் சிரிக்கவில்லை. "மேலாப்புல வர்றத விடும்மா. கீழ வழியா வந்து நாலஞ்சு வருஷமாச்சு. நம்ம போர்த் தண்ணில டீ போட்டா பால் திரியுது" என்றான். அதை அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் நாற்பத்தொரு கம்பமும் நின்றன. துணி காயப் போட்டார்கள், ஆட்டைக் கட்டினார்கள், காதணி விழா பேனரும் ஒன்றில் ஏறியது. மலர் எனக்குப் போன் செய்தாள். "அப்பா, அவங்களுக்கு எல்லாம் புரியுது!"

உண்மையில் அவர்களுக்குப் புரிந்தது மூன்றாவது வாரம்.

4

முருகையன் தன் நிலத்தை விற்கத் திருச்சியிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்திருந்தார். வந்தவர் காரை விட்டு இறங்கியதும் கம்பத்தைப் பார்த்தார். "இது என்னங்க?" என்று வழியில் போன யாரிடமோ கேட்டார். வழியில் போனவர் உள்ளதைச் சொன்னார். திருச்சிக்காரர் டீ கூடக் குடிக்காமல் கார் ஏறிவிட்டார்.

மறுநாள் முருகையன் நிலத்தின் மேற்கே இருந்த கம்பம் கிழக்கு வரப்பில் நின்றது.

"மாமா, கம்பம் நகந்திருக்கு" என்றாள் மலர்.

"மாடு முட்டி சாஞ்சிடுச்சும்மா. நிமித்தி வச்சேன்."

"நூறு அடி தள்ளி நிமித்தியிருக்கே?"

"பெரிய மாடு."

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வரப்பை வருடத்துக்கு ஒரு சாண் செதுக்கிப் பக்கத்து நிலத்தைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்வது எங்கள் ஊரில் நெல் விதைப்பதைப் போல ஒரு வேலை. யாரும் தப்பாக நினைப்பதில்லை. செய்யாதவனைச் சோம்பேறி என்பார்கள். பக்கத்து நிலத்துக்காரனிடம் காட்டிய அந்தக் கைவரிசையை இப்போது கடலிடம் காட்ட ஆரம்பித்தார்கள்.

மகளுக்கு வரன் பார்க்க வருகிறார்கள் என்று ஒருவர் நகர்த்தினார். வங்கியிலிருந்து ஆள் வருகிறார் என்று ஒருவர். காரணமே இல்லாமல், எல்லோரும் நகர்த்தும்போது நாம் மட்டும் ஏன் மூழ்க வேண்டும் என்று ஒருவர். அவரவர் நிலத்துக்குக் கிழக்கே, அவரவர் வரப்பை ஒட்டி, சர்வேயர் வந்து அளந்தது போல நட்டார்கள். என் மகளுக்கு ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை என்று வருத்தம். நான் அப்படி நினைக்கவில்லை. கடல் வரும் என்று நம்பாதவன் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு சேற்றில் ஏன் நடக்கப் போகிறான்? இத்தனை வருடம் டிவியில் சொல்லியும் ஏறாதது நாற்பத்தொரு சவுக்குக் கம்பத்தில் ஏறிவிட்டது.

"அப்பா, என் கோடு போச்சு" என்று போனில் அழுதாள். "சாப்பிட்டியாம்மா?" என்றேன்.

புறப்படும் முன்பு, கல்யாணங்களுக்கு டிரோன் பறக்கவிடும் போட்டோக்காரரை நாகப்பட்டினத்திலிருந்து கூப்பிட்டு மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அதோடு ஊர் வேலை முடிந்தது.

5

அந்தப் படத்தை அவள் தலை குனிந்துகொண்டேதான் ஆசிரியர்களிடம் காட்டியிருக்கிறாள். அவர்கள் எழுந்து நின்றுவிட்டார்களாம். ஒரு பெண் வரைந்த கோட்டை ஊரே சேர்ந்து திருத்தியிருக்கிறது, மக்கள் இப்படிப் பங்கெடுத்த கலையை நாங்கள் பார்த்ததே இல்லை என்று சொல்லி வகுப்பிலேயே அதிக மதிப்பெண் கொடுத்தார்கள். முருகையனின் மாட்டுக்கும் அதில் பங்கு உண்டு.

செய்தி எங்கள் நகராட்சிக்கு வந்தது. கோட்டை அழித்த தொழிலாளியின் மகளே கோடு போட்டிருக்கிறாள் என்பதில் மேயருக்கு மிகவும் சந்தோஷம். மார்கழி பிறந்த வாரம் நகராட்சிக் கூடத்தில் கண்காட்சி. காலையில் அந்தக் கூடத்தைத் துடைத்தவன் நான்தான். மேற்பார்வையாளர் இரண்டு தடவை வந்து, "சுவரில் இருப்பதைத் தொடாதே" என்று கையால் காட்டிவிட்டுப் போனார்.

மாலையில் மனைவி வாங்கி வைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். மேயர் கை கொடுத்தார். நான் மேலங்கிகள் மாட்டும் இடத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். எல்லோரும் கையில் கோப்பையோடு படத்தின் முன்னால் நின்று தாழ்ந்த குரலில் பேசினார்கள். சுவர் அளவுக்குப் பெரிய படம். போனில் பார்த்தபோது ஏதோ நீலப் புள்ளிகள் என்றுதான் இருந்தது. கூட்டம் விலகியதும் அருகே போனேன், இப்போது ஒவ்வொரு வரப்பும் தெரிந்தது.

கடல் ஒழுங்காக வரவில்லை. ஊரில் இருப்பவன் நிலத்தைச் சுற்றிக்கொண்டு, இல்லாதவன் நிலத்துக்குள் நுழைந்திருந்தது. சிங்கப்பூரில் இருப்பவரின் மாந்தோப்பில் கடல். துபாய்க்காரரின் தென்னைக்குக் கடல். கனடாவில் இருக்கும் டாக்டரின் நிலத்தில் கால் வைக்கக்கூட இடம் மிச்சமில்லை. அங்கேயெல்லாம் கம்பத்தை நகர்த்த ஆளில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

பிறகு எங்கள் ஆறு மாவைக் கண்டுபிடித்தேன்.

மகள் நட்ட கம்பம் மேற்கு வரப்பில் இருந்திருக்க வேண்டும். அங்கே இல்லை. மூன்று கம்பங்கள் நிலத்தின் நட்ட நடுவே, வடக்குத் தெற்காக, நூல் பிடித்தது போல நின்றன. மேற்கே மூன்று மா, ரோட்டை ஒட்டி, காய்ந்த தரை. கிழக்கே மூன்று மா கடல்.

பக்கத்தில் இருந்த அம்மாள் படத்தைக் காட்டி ஏதோ சொன்னார். அழகு என்றிருப்பார். நான் தலையாட்டினேன். அவர்கள் எல்லோரும் பார்த்தது கலை. நான் பார்த்தது பாகப்பிரிவினைப் பத்திரம்.

6

பதினொரு நாள் நான் தம்பிக்குப் போன் செய்யவில்லை. அவன் அனுப்பிய காலை வணக்கப் பூக்களுக்கும் பதில் போடவில்லை. பனியில் இலை பெருக்கிக்கொண்டே மனதில் பேசினேன். மனதில் நான் நன்றாகப் பேசுவேன்.

பன்னிரண்டாவது நாள் மலரிடம் கேட்டேன். "நம்ம நிலத்துல கம்பம் நடுவுல வந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியுமே. சித்தப்பாகிட்ட கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"உங்கப்பா வரமாட்டாரும்மா, வராதவர் பக்கம் கடல் வந்தா யாருக்கு நஷ்டம்னு சொன்னாரு." சாதாரணமாகச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "ஏன்ப்பா? நீ போகப் போறியா?"

அவளுக்குக் கடல் தெரிகிறது. வரப்பு தெரியவில்லை. அவள் மேல் குற்றமில்லை, நான் காட்டவில்லை. அவள் கேட்டது நியாயமான கேள்விதான். முழங்கால் வலிக்கு இங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது, பேரன் பேத்தி என்று வந்தால் இங்கேதான் வருவார்கள். இங்கே வீடு வாங்கிய கடன் இன்னும் ஒன்பது வருடம் ஓடும். இதையெல்லாம் நான் எனக்கே கூட்டிச் சொல்லிக்கொண்டதில்லை. என் தம்பி எனக்கு முன்பே கூட்டிப் பார்த்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் செய்தேன். அங்கே பொழுது சாயும் நேரம். பயிர் எப்படி, பூச்சி உண்டா, மழை எத்தனை தடவை என்று பத்து நிமிடம் ஓட்டினேன்.

அவனே கேட்டான். "படம் பாத்தீங்களாண்ணே?"

"பாத்தேன்."

"பெருசா மாட்டியிருக்காங்களாம்?"

"பெருசாத்தான் மாட்டியிருக்காங்க. எல்லாம் தெரியுது."

டிவியை யாரோ அணைத்தார்கள்.

"சொசைட்டில பயிர்க் கடன் கேட்டேன்ண்ணே. நிலம் கம்பத்துக்கு அந்தாண்டை இருக்கேன்னு இழுத்தாங்க. எல்லாரும் நகத்துறாங்க, நானும் நகத்துனேன்."

"முழுசா கிழக்க கொண்டு போயிருக்கலாமேடா. எதுக்கு நடுவுல?"

"முழுசா எனக்குன்னு நான் எப்படி வைப்பேன்? உங்க பாதில கை வைக்கக் கூடாதுல்ல?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. நான் பதினொரு நாளாகத் திருட்டு என்று நினைத்ததை அவன் நாணயம் என்று நினைத்துச் செய்திருக்கிறான்.

"உங்க பாதிய நீங்க வந்து நகத்திக்கிடுங்கண்ணே. வர்றீங்களா? வாயத் தொறந்து ஒரு தடவை சொல்லுங்க, நாளைக்கே உங்க கம்பத்தையும் நான் கிழக்க கொண்டு போய் நட்டுடறேன்."

வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். இருபத்து மூன்று வருடமாகச் சொன்ன வார்த்தைதான். அன்று வாயில் வரவில்லை.

"தெரியலடா" என்றேன். "வருவேனான்னு எனக்கே தெரியல."

"இதுக்குத்தான் இத்தன வருஷமா நான் கேக்கல" என்றான். கோபமாக இல்லை. களைத்துப்போன ஆள் போலச் சொன்னான்.

"செல்வராசு, ஒண்ணு பண்ணு. மூணு கம்பத்தையும் பிடுங்கி எம்பொண்ணு வச்ச எடத்துலயே வை. மேற்கு வரப்புல."

"அப்ப ஆறு மாவும் கடல்லண்ணே!"

"இருக்கட்டும். உன் பாதி என் பாதின்னு கடல்கிட்ட கணக்குக் காட்ட வேணாம். முழுகினா ரெண்டு பேரும் சேந்து முழுகுவோம். நான் அங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

"சொசைட்டில என்ன சொல்றது?"

"அண்ணன் ஒரு கிறுக்கன்னு சொல்லு. நான் கையெழுத்துப் போட்டு அனுப்பறேன்."

அவன் சிரித்தானா, மூக்கை உறிஞ்சினானா என்று போனில் தெரியவில்லை. பிறகு பழைய குரலில் சொன்னான்.

"பழைய குழி முருகையன் மூலை வரப்புலல்ல இருக்கு? அங்க நட்டா அவர் நிலமும் கடலுக்குள்ள போவுற மாதிரி தெரியுமேண்ணே. போன வாரம்தான் வேற ஒரு பார்ட்டி வந்து பாத்துட்டுப் போனாங்க. சண்டைக்கு வருவாரு."

"வரட்டும்" என்றேன். வாழ்க்கையில் நான் தைரியமாகச் சொன்ன சொற்கள் சில. அதில் இது ஒன்று. ஐயாயிரம் மைல் தள்ளி நின்று சொன்னேன்.

இன்று காலை பூங்காவில் இலை பெருக்கிக்கொண்டிருந்தபோது படம் வந்தது. கையுறையைக் கழற்றிப் பார்த்தேன். மேற்கு வரப்பில் நீலக் கம்பங்கள் மூன்றும் நிற்கின்றன. சேறு படிந்த காலோடு தம்பி பக்கத்தில் நின்று, பாஸ்போர்ட்டுக்கு நிற்பது போல விறைத்துக்கொண்டு பார்க்கிறான். அவன் பின்னால் பச்சைப் பயிர், ஆறு மாவும், நடுவில் ஒரு தடங்கலும் இல்லாமல். படத்தின் ஓரத்தில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் வேகமாக வந்துகொண்டிருப்பவர் முருகையன்.

எழுதி முடித்தது: மார்கழி இருபத்து மூன்று, செவ்வாய்க்கிழமை. இங்கே ஜனவரி ஏழு.